தக்காளிக்கு ஒத்துவராத ஆடிப்பட்டம்

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் பதினோரு ஆண்டுகளாகக் காய்கறி வளர்த்து வருகிறேன். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை வாழ்நாள் முழுவதும் பின்பற்றிய என் மாமியாரின் சொற்படி, கத்தரி, வெண்டை, தக்காளி மூன்றையும் ஆடியிலேயே விதைத்து வந்தேன். கத்தரிக்கும் வெண்டைக்கும் அந்தக் கணக்கு இன்றும் பொய்க்கவில்லை. தக்காளியோ முதல் சில ஆண்டுகளில் ஓரளவாவது காய்த்தது. அண்மைக் காலமாகச் செடி நிறையப் பூத்து, காம்பு மஞ்சளாகி, பூவெல்லாம் தரையில் கொட்டிவிடுகிறது.

உரம் போதவில்லை என்று எண்ணி மண்புழு உரத்தைக் கூட்டினேன். தேங்காய்ப்பாலையும் மோரையும் புளிக்கவைத்த தேமோர்க் கரைசலும் தெளித்துப் பார்த்தேன். கோளாறு உரத்தில் இல்லை, இரவில் இருந்தது. தக்காளிப் பூ காயாக மாற இரவு வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 21 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காமலும் பகல் 35 டிகிரியைத் தொட்டபடியும் இருந்தால், மகரந்தம் வலுவிழந்து பூ உதிர்ந்துவிடும். ஆடியில் விதைத்த செடி பூக்கும் புரட்டாசியில் சென்னையின் விடியற்காலையே 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை இரவு முழுவதும் செடிப் பைகளுக்கு அடியிலிருந்து வெளியிட்டுக்கொண்டிருக்கும். ஏற்கெனவே விளிம்பில் நின்ற பயிருக்கு ஒரு டிகிரி கூடினாலும் தாங்காது என்பதை நான் தாமதமாகவே புரிந்துகொண்டேன்.

இப்படி மாறும் வெப்பத்துக்கு வழிகாட்டி உண்டா என்றால், அமெரிக்க வேளாண் துறை, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கென்று ஒரு மண்டல வரைபடம் வெளியிடுகிறது. 2012ஆம் ஆண்டு வரைபடத்தோடு ஒப்பிட்டால், 2023இல் வந்த புதிய வரைபடத்தில் அந்நாட்டின் ஏறத்தாழ பாதிப் பரப்பு அரை மண்டலம் வெப்பமான பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஆனால் அது, 1991 முதல் 2020 வரை ஒவ்வோர் ஆண்டிலும் பதிவான மிகக் குளிர்ந்த வெப்பநிலையின் சராசரியைக் கொண்டு, எந்தச் செடி பனிக்காலத்தைத் தாண்டும் என்று சொல்வது. உறைபனியே காணாத நமக்கு அந்த அளவுகோல் உதவாது. தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; நம்மை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டம் வடகிழக்கு மண்டலத்தில் வருகிறது. அந்தப் பிரிவும் மழை, மண், பாசனம் ஆகியவற்றைப் பார்த்துச் செய்யப்பட்டதே தவிர, மாடித்தளத்தின் இரவுச் சூட்டைப் பார்த்துச் செய்யப்பட்டதன்று. ஆகவே விடியற்காலை வெப்பநிலையை நானே ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். வடசென்னையில் மாடித்தோட்டம் போடும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் தக்காளி நாற்றை ஐப்பசி இறுதிக்குத் தள்ளினேன். மார்கழியிலும் தையிலும் பூத்தால் இரவு 21 டிகிரி அளவுக்கு இறங்கிக் காய் பிடிக்கிறது. ஆனால் நாற்று வளரும் ஐப்பசியும் கார்த்திகையும்தான் புயல் மாதங்களும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் பைகளில் நீர் தேங்கி, வேரழுகி, நட்ட நாற்றெல்லாம் போயிற்று. அதிலிருந்து பைகளின் அடித்துளைகளைப் பெரிதாக்கி, செங்கல் அடுக்கின்மேல் தூக்கி வைத்திருக்கிறேன். தளத்தின் சூடும் அதனால் நேரடியாக ஏறுவதில்லை. நாற்றுகள் மாடிப்படிக் கூரைக்கு அடியில் வளர்கின்றன.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கும். அதை ஊற்றினால் இலையோரம் கருகுகிறது. அதனால் பீப்பாயில் பிடித்த மழைநீரைத் தக்காளிக்கே ஒதுக்குகிறேன். காலிஃபிளவரைக் கைவிட்டுவிட்டேன். பொன்னாங்கண்ணியும் தவசிக்கீரையும் கோவைக்கொடியும் வெயிலைப் பொருட்படுத்துவதில்லை. ஆடியில் தக்காளிக்கென்று வைத்திருந்த ஆறு பைகளில் இப்போது கொத்தவரையும் காராமணியும் விதைத்திருக்கிறேன். காராமணி கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கொடி வீசிவிட்டது.