டோர்ட்முண்டில் நின்றுகொண்டே பார்த்த ஆட்டம்

ஜெர்மனி போனால் அந்த நாட்டின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான புண்டஸ்லிகாவில் ஒரு ஆட்டமாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை, அதுவும் டோர்ட்முண்ட் அணியின் அரங்கத்தில், தெற்கு ஸ்டாண்டில், நின்றுகொண்டே. மஞ்சள் சுவர் என்பார்களே, அதேதான். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் 24,000 பேருக்கு மேல் நிற்கலாம்.

அரங்கத்துக்குப் பக்கத்திலேயே வெஸ்ட்ஃபாலன்ஹாலே என்ற பெரிய மண்டபம் இருக்கிறது. இந்த லீக்கைத் தொடங்கலாம் என்று 1962 ஜூலையில் முடிவெடுத்தது அங்கேதான், அதனால் உள்ளே போவதற்கு முன் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றேன். 1963 ஆகஸ்ட் 24 அன்று 16 அணிகளோடு லீக் ஆரம்பித்தபோது முதல் கோலை அடித்ததும் டோர்ட்முண்டின் டிமோ கோனியட்ஸ்காதான், பிரெமனில், முதல் நிமிடத்திலேயே. அந்தக் கோலுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது! நினைத்தாலே மனசு அடித்துக்கொள்கிறது.

உள்ளே படிகள் செங்குத்தாக ஏறுகின்றன. அறிவிப்பாளர் வீரரின் முதல் பெயரைச் சொல்ல, மொத்தக் கூட்டமும் குடும்பப் பெயரைக் கத்துகிறது, காலடியில் கான்கிரீட் அதிர்கிறது. எனக்கு எதுவும் தெரியவில்லை என்று பார்த்த பெரியவர் ஒருவர் என் தோளைப் பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார். சின்ன வயதில் அப்பாவோடு வந்தாராம், அன்று முதல் இதே படிதானாம்.

நிற்கும் டிக்கெட் இன்னும் சாதாரண ஆட்கள் வாங்கும் விலையில் இருக்கிறது என்றால், கிளப்பில் ஓட்டுப் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்ற 50+1 விதிக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். லெவர்குசன், வோல்ஃப்ஸ்பர்க் கிளப்புகள் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. மற்ற கிளப்புகளுக்கு வெளிப்பணம் வராததால்தான் பாயர்ன் மியூனிக் அணி 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை லீக்கை ஜெயித்தது என்பவர்களும் இருக்கிறார்கள். சரி, இருக்கட்டும், எனக்கு இந்தப் படிகள்தான் முக்கியம்.

இடைவேளையில் பெரியவர் 2023 மே மாதத்துக் கடைசி ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஜெயித்தால் டோர்ட்முண்டுக்குக் கோப்பை, ஆனால் மைன்ஸ் அணியோடு 2-2, கோல் வித்தியாசத்தில் பாயர்னுக்குப் போய்விட்டது. வீரர்கள் புல்லில் உட்கார்ந்து அழ, இந்தச் சுவர் கலையாமல் நின்று அவர்களுக்காகப் பாடியதாம். சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. அதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது, என் தோளை மறுபடி பிடித்துக்கொண்டார்.