பின் நம்பர் போட்டதும் உறைந்துபோன லேப்டாப்

திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் எடுக்கும் பிரைவேட் லிமிடெட் ஒன்றில் கணக்கு என் பொறுப்பு. பிரைவேட் லிமிடெட் என்றால் ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி போட்டு முடிக்க முடியாது, டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து உள்ள யுஎஸ்பி) கட்டாயம். 20-ஆம் தேதி கெடு தாண்டினால் நாளுக்கு 50 ரூபாய், வரிக்கு 18 சதவீத வட்டி வேறு. அந்த வாரம் பார்த்துத்தான் லேப்டாப் படுத்துக்கொண்டது.

பின் போட்டால் 'வெல்கம்' வரும், வட்டம் கொஞ்சம் சுற்றும், அப்படியே நிற்கும். மவுஸ் அசையாது. கேப்ஸ் லாக் அமுக்கினால் விளக்குகூட எரியாது. அணைத்துப் போட்டாலும் அதே கதை.

டவுனில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரத் தம்பி ஆன் செய்தார், சமர்த்தாக டெஸ்க்டாப் வந்தது. "நல்லாத்தானே ஓடுதுங்கண்ணா?" செக்கிங் சார்ஜ் கொடுத்துவிட்டு வந்து, ஆபீஸில் எல்லாவற்றையும் மாட்டிப் போட்டால் மறுபடி உறைந்தது. போனில் கேட்டதற்கு, "விண்டோஸ் கரப்ட் ஆயிருக்குங்க, பார்மட் போட்டாத்தான் ஆகும்" என்றார். டேலி டேட்டாவுக்கு மாதக் கடைசியில் எடுத்த பேக்கப்தான் இருந்தது. அதற்குப் பிறகு போட்ட பில்களை யார் திரும்ப ஏற்றுவது?

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். லாகின் திரை வரை வருகிறதென்றால் பவர் பட்டனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அந்தத் திரையின் மூலையில் இருக்கும் பவர் குறியைத் தட்டி, ஷிஃப்டைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய், ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 4 அமுக்கினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானதோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலை.

ஆனால் நடுவில், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறுக்கே வந்து ரெக்கவரி கீ கேட்டது. 48 இலக்கம்! அப்படியொன்று இருப்பதே ஆபீஸில் யாருக்கும் தெரியாது. லேப்டாப் வாங்கியபோது அக்கா பையன்தான் அவனுடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டைப் போட்டு ஆன் செய்து கொடுத்திருந்தான். கீ அந்த அக்கவுண்ட்டில்தான் இருக்கும். அவனோ பெருந்துறையில் ஹாஸ்டலில். "மாமா, கிளாஸ்ல இருக்கேன், சாயங்காலம் சொல்றேன்" என்று வைத்துவிட்டான். சாயங்காலம் அனுப்பிய கீ பொருந்தவில்லை. அவனுடைய சொந்த லேப்டாப்பும் அதே அக்கவுண்ட்டில் இருந்ததால் அந்தக் கீயை அனுப்பியிருக்கிறான். நீலத் திரையிலேயே 'கீ ஐடி' என்று ஒன்று காட்டும். அதன் முதல் எட்டு எழுத்தைச் சொல்லி, அதற்கு நேரே உள்ள கீயைக் கேளுங்கள்.

சரியான கீ கிடைத்ததும் சேஃப் மோடில் மறுபேச்சில்லாமல் திறந்தது. அப்போதே பாதி நிம்மதி. விண்டோஸ் அடிப்படையில் நன்றாகத்தான் இருக்கிறது, லாகினோடு சேர்ந்து எழும் ஏதோ ஒன்றுதான் கழுத்தைப் பிடிக்கிறது. எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸோடு என்னென்ன எழ வேண்டும் என்று அமைக்கும் கருவி) திறந்து, சர்வீசஸ் பக்கத்தில் முதலில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் கட்டத்தை டிக் செய்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அந்த டிக்கை மறந்தால் விண்டோஸுக்கு வேண்டியதும் சேர்ந்து நின்றுபோகும், ஜாக்கிரதை. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் புரோகிராம்களையும் அணைத்தேன். சாதாரணமாகவே திறந்தது. அப்புறம் பாதிப் பாதியாக ஆன் செய்து பார்த்ததில் ஆள் சிக்கினான்: டிஎஸ்சி டோக்கனோடு வந்த பழைய மென்பொருள். டோக்கன் செருகியிருந்தால் மட்டும் உறையும், எடுத்துவிட்டால் உறையாது. ஆபீஸில் அது எப்போதும் போர்ட்டிலேயே இருக்கும். கடைக்கு லேப்டாப் மட்டும்தான் போனது. "வேற என்னென்ன மாட்டுவீங்க?" என்று அந்தத் தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

சேஃப் மோடில் பல மென்பொருள்களை நீக்க விடாது. அதனால் சர்வீஸ்களை நிறுத்திய நிலையிலேயே சாதாரணமாகத் திறந்து அதை நீக்கினேன். டோக்கன் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புதிய பதிப்பை இறக்கிப் போட்டு, நிறுத்தியதை எல்லாம் திரும்ப ஆன் செய்து, டோக்கனைச் செருகிப் பார்த்தேன். உறையவில்லை. 3பி-யும் கெடுவுக்குள் போய்விட்டது.

ரெக்கவரி கீயை இப்போது பிரிண்ட் எடுத்து ஜிஎஸ்டி பைலில் வைத்திருக்கிறேன், கீ ஐடியோடு. உங்கள் லேப்டாப் யார் அக்கவுண்ட்டில் திறந்திருக்கிறது என்று, அது ஓடும்போதே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.