அடுத்த கிழமை வாங்க

நான் ஆரையம்பதியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறவள். பிளவுஸ் மாதிரி, கை நீளம், வங்கியில் காசு போட்ட சிலிப் என்று எல்லாமே எனக்கு வட்ஸ்அப்பில்தான் வரும். பழைய போன் ஒரு படம் திறக்கவே மூச்சு வாங்கியதால், போன வருடம் மார்ச் 8ஆம் திகதி மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் 64,900 ரூபாய்க்குப் புதுப் போன் எடுத்தேன். ஒரு வருடக் கொம்பனி வொரண்டி. அட்டையில் திகதி போட்டு, சீலும் குத்தித் தந்தார்கள்.

மே 2ஆம் திகதி இரவு சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் போன் உயிரோடு இல்லை. வைகாசி பிறக்கப் போகிறது, கண்ணகி அம்மன் சடங்குக்கு உடுப்புத் தைக்க ஆட்கள் வரும் நேரம். அன்றைக்கே பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

கடைத் தம்பி நல்ல மாதிரித்தான் பேசினான். "கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கணும் அக்கா, அடுத்த கிழமை வாங்க." போனை வாங்கிக்கொண்டு, கடையின் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால் என் பெயரை எழுதித் தந்தான். அதை வாங்கி பேக்கில் போட்டுக்கொண்டு வந்ததுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக இருக்கும் அடையாள இலக்கமான ஐ.எம்.ஈ.ஐ., ஒப்படைத்த திகதி, என்ன பழுது, கண்ணாடி வெடிக்காமல் இருக்கிறதா என்று ஒன்றுமே அதில் இல்லை.

அடுத்த கிழமை போனேன். "இன்னும் வரல்ல அக்கா, அடுத்த கிழமை." அதற்கடுத்த கிழமையும் அதே பதில். கல்லடிப் பாலத்தை இப்படி எத்தனை தரம் கடந்தேனோ! மே 27ஆம் திகதி போனைத் திருப்பித் தந்தார்கள். திருத்தவில்லை. "தண்ணி பட்டிருக்கு, வொரண்டி கிடையாது. மதர்போர்ட் மாத்தணும், 38,500 வரும்."

தண்ணீர் எப்படிப் படும் என்று கேட்டேன். "களப்புப் பக்கம்தானே அக்கா, ஈரக்காத்துக்கு இப்பிடி ஆகும்" என்றான். அப்படியென்றால் கடலும் களப்பும் சூழ்ந்த இந்த ஊரில் எந்த நம்பிக்கையில் வொரண்டி அட்டை கொடுத்து விற்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவனிடம் பதிலில்லை. முதலாளி உள்ளேயிருந்து, "நாங்க வித்தது மட்டும்தான், ஏஜென்டோட பேசுங்க" என்றார்.

அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு மாமா பிரதேச செயலகத்தில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் என்னைத் திட்டவில்லை, பில்லைத்தான் கேட்டார். திகதியைப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினார்.

"பிள்ள, உனக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் கிடக்கு."

எனக்கு விளங்கவில்லை. வொரண்டி ஒரு வருடம் இருக்கிறதே என்றேன். அப்போதுதான் அவர் விளக்கினார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத சாமானை விற்றால் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் எழுத்தில் செய்யவேண்டும், அதுவும் சாமானை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். பழுதான நாளிலிருந்து இல்லை, விற்ற நாளிலிருந்து. எனக்கு அது ஜூன் முதல் கிழமையோடு முடிகிறது. கடையின் மூன்று "அடுத்த கிழமை"யும் எதைத் தின்றிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தத் தம்பிக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் வயிறு எரிந்தது.

கையில் சரியான ஒரு கடுதாசியும் இல்லையே, என்ன செய்வது? மாமா ஒரு வழி சொன்னார். மகளின் போனிலிருந்து கடையின் வட்ஸ்அப்புக்கு மரியாதையாக ஒரு செய்தி போட்டேன்: "மே 3ஆம் திகதி தந்த போனை 27ஆம் திகதி திருத்தாமல் திருப்பித் தந்தீர்கள். காரணம் என்ன என்று தயவுசெய்து அறியத்தரவும்." அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. தண்ணீர் பட்டதால் வொரண்டி இல்லை என்று ஒரு வரி, கூடவே சிவந்துபோன சின்ன ஸ்டிக்கர் ஒன்றின் படம். வாயால் மட்டும் சொன்ன மறுப்பு, திகதியோடும் நேரத்தோடும் எழுத்தில் கிடைத்துவிட்டது.

அந்த ஸ்டிக்கரைப் பற்றி ஒரு சொல். போனுக்குள்ளே வெள்ளையாக ஒட்டியிருக்கும், ஈரம் பட்டால் சிவக்கும். ஈரம் எப்போது பட்டது, எங்கே வைத்துப் பட்டது என்று அது சொல்லாது. அவர்கள் அனுப்பிய படத்தில் அது என் போன்தான் என்று காட்ட ஒரு இலக்கமும் இருக்கவில்லை.

அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டேன். அங்கேயும் எழுத்தில் கொடுக்கத்தான் சொன்னார்கள். மாமாவின் யோசனைப்படி இன்னொன்றும் செய்தேன். பெட்டியிலிருந்த 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ.யை, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பார்த்தேன். பதிவான போன்தான். களவாக வந்த சாமான் என்று யாரும் பேச்சை மாற்ற முடியாது.

கடிதம் ஒரு பக்கம், தமிழில். முதலில் நான் எழுதியதில் சடங்குக் கால ஓடர்கள் போனது, மனவேதனை எல்லாம் இருந்தது. மாமா முக்கால்வாசியை வெட்டிவிட்டார். வாங்கிய திகதி, விலை, ஐ.எம்.ஈ.ஐ., எப்போது பழுதானது, எப்போது ஒப்படைத்தேன், என்ன சொல்லி மறுத்தார்கள் என்பவைதான் மிஞ்சின. கடைசியில் எனக்கு என்ன வேண்டும் என்று: இலவசமாகத் திருத்தித் தரவேண்டும், முடியாவிட்டால் மாற்றித் தரவேண்டும், அதுவும் முடியாவிட்டால் காசு. பில், வொரண்டி அட்டை, பெட்டி லேபல், வட்ஸ்அப் பதில், அந்த விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் போட்டோக்கொப்பி எடுத்து இணைத்தேன். ஜூன் 3ஆம் திகதி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து, என் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன்.

பிறகு காத்திருப்புத்தான். விசாரணைக்குக் கடிதம் வந்தபோது சடங்கெல்லாம் முடிந்து, அதன் நிறைவில் பாடும் குளிர்த்தியும் பாடியாகிவிட்டது.

விசாரணை என்றதும் நீதிமன்றம் மாதிரி இருக்குமோ என்று பயந்தேன். ஒரு மேசை, நாலு கதிரை, அவ்வளவுதான். முதலாளியே வந்திருந்தார். ஏஜென்ட்டைக் கேட்கவேண்டும் என்று தொடங்கினார். சட்டம் உற்பத்தியாளரை மட்டுமில்லை, விற்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று உத்தியோகத்தர் அமைதியாகச் சொன்னார். போனைச் சோதித்த அறிக்கை எங்கே என்று கேட்டார். அதே ஸ்டிக்கர் படம்தான் வந்தது. இது இந்தப் போன்தான் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டபோது முதலாளி நெற்றியைத் துடைத்தார். அறிக்கையோடு வர ஒரு தவணை கேட்டுப் போனார்.

அடுத்த தவணைக்கு அறிக்கை வரவில்லை, இணக்கம் வந்தது. அதே மாடல் புதுப் போன் தருவதாக ஒத்துக்கொண்டார். இணங்காமல் விட்டிருந்தால், விசாரித்து முடித்து நட்டஈடோ மாற்றுப் பொருளோ பணமோ கொடுக்கும்படி உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் இருக்கிறது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

போன ஓடர்களுக்கும் பஸ் காசுக்கும் ஏதாவது கேட்கலாமா என்று எனக்கு ஆசைதான். கணக்குக் காட்ட என்னிடம் ஒரு துண்டும் இல்லை. விட்டுவிட்டேன். அது இன்னும் மனதில் கிடக்கிறது.

புதுப் போனை எடுக்கப் போன அன்று முதலாளி சிரித்துக்கொண்டே, "வொரண்டி பழைய திகதியில இருந்துதான் தங்கச்சி" என்றார். புதுப் பெட்டிக்குப் புதுத் திகதி போடுங்கள், இல்லாவிட்டால் முடியாது என்று எழுதித் தாருங்கள் என்றேன். தம்பி முதலாளியின் முகத்தைப் பார்த்தான். முதலாளி பேனையை எடுத்துப் புதுத் திகதியைப் போட்டார். கடைக்குள்ளேயே *#06# அடித்து, திரையில் வந்த ஐ.எம்.ஈ.ஐ. இலக்கமும் பெட்டியிலும் அட்டையிலும் இருந்ததும் ஒன்றுதானா என்று பார்த்து, அளவுக் கொப்பியின் பின்மட்டையில் எழுதிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.