ஏழாம் பாத்தி

"இன்னும் பத்து நாள் பொறுங்க சார். மேல இருக்கறவர் பார்த்துக்குவார்."

அக்கா சொன்னது இவ்வளவுதான். நான் சொன்ன பதில் இது: "மேல இருக்கறவர் வந்து பதிவேட்டில கையெழுத்துப் போட மாட்டார் அக்கா." சொன்னபோது என் பேச்சு எனக்கே பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மண்வெட்டியை எடுத்து வரப் போய்விட்டார்.

அன்று எங்கள் நாற்றங்காலில் ஏழாம் பாத்தியில் தேக்கு விதைத்து 33 நாள். மற்ற பாத்திகளில் நாற்று இரண்டு இலை விட்டு நிற்கிறது, இது மட்டும் மொட்டை மண்ணாகக் கிடக்கிறது. அடுத்த தொகுதி விதையை இரவில் ஊறவைத்து, பகலில் வெயிலில் காயவைத்து, ஒரு வாரமாக மாற்றி மாற்றிப் பக்குவப்படுத்தித் தயாராக வைத்திருந்தோம். போட இடம் இல்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் பாத்தியைக் கலைக்கத்தான் சொல்லியிருப்பார்கள். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் புரட்டிய மண்ணில் கொட்டைகள் வெடித்திருந்தன. ஓட்டின் இடுக்கில் வெள்ளையாக வேர் நுனி. ஒன்றிரண்டு என்றால் விட்டிருப்பேன். அள்ளிய ஒவ்வொரு பிடியிலும் ஐந்தாறு இருந்தது. அக்கா சிலவற்றை உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் மற்றவற்றோடு கூடையில் போட்டுவிட்டார்.

தேக்கு இப்படித்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஓடு மரம் மாதிரி இறுகியது. உள்ளே நான்கு அறை. சில கொட்டையில் ஒரு விதை இருக்கும், சிலதில் இரண்டு மூன்று, சிலதில் ஒன்றுமே இருக்காது. ஒரே நாளில் விதைத்ததில் ஒன்று பன்னிரண்டாம் நாளில் தலை நீட்டும். பக்கத்தில் கிடப்பது அடுத்த மழைக்காலம் வரை அசையாது. படித்ததுதான், தேர்வில் எழுதியதுதான். பாத்தி ஓரத்தில் கையில் பதிவேட்டோடு நிற்கும்போது மட்டும் ஏனோ அது நினைவுக்கு வராது.

அடுத்து வந்த மழைக்குப் பிறகு, விதை எடுக்கும் தாய் மரங்களுக்குக் குறி போட அக்காவும் நானும் காட்டுக்குள் போனோம். முழுக்க நடைதான். அவர் மெதுவாக நடப்பார், நான் முன்னால் போய் நின்று நின்று காத்திருந்தேன். முந்தைய கோடையில் தரைத்தீ ஓடிய பகுதி அது. கருகிய சருகுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேக்கு முளைத்திருந்தது. யாரும் ஊறவைக்கவில்லை, காயவைக்கவில்லை, நாள் எண்ணவில்லை. சூடு கொட்டையின் ஓட்டை இளக்கியிருக்கும், மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று விளக்கம் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிடம் விளக்கம் எதுவும் தோன்றவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ தளர்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

பேச்சு வேண்டுமே என்று அக்காவிடம் வில்லியம் பீல் கதையைச் சொன்னேன். 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் இருபது பாட்டில்களில் மணலோடு களைச்செடி விதைகளைக் கலந்து மண்ணில் புதைத்த தாவரவியல் பேராசிரியர். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு பாட்டிலை எடுத்து, இன்னும் முளைக்கிறதா என்று பார்ப்பது திட்டம். அவர் 1924-இல் இறந்துவிட்டார். 2021-இல் ஒரு பாட்டிலை எடுத்தார்கள். 142 ஆண்டு மண்ணுக்குள் கிடந்த விதையில் சில முளைத்தன. பொறுமைக்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும் என்கிற தோரணையில்தான் சொல்லி முடித்தேன்.

அக்கா கேட்டார்: "அவரு பக்கத்துலயே உக்காந்து காத்திருந்தாரா, பொதைச்சுட்டு வேற வேலைக்குப் போயிட்டாரா?"

"வேற வேலைக்குத்தான் போயிருப்பார்."

"அதானே" என்றார். மேலே நடந்தார்.

அந்த "அதானே"வை எத்தனை விதமாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன். விட்டுவிடுவதுதான் நம்பிக்கை என்று சொன்னாரா? ஏழாம் பாத்தியைக் குத்திக்காட்டினாரா? இல்லை, ஏறுகிற மேட்டில் மூச்சு வாங்கியதால் பேச்சை முடித்தாரா? அன்று நான் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். அவர் முன்னால் போனதும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து ஜெபித்தேன். "என் கையில் இல்லாததை உன்னிடம் விட்டுவிடுகிறேன்" என்று சொன்ன நினைவு. கண் கலங்கியது. திரும்பி வரும்போது அக்காவின் நடைக்கு என் நடை ஒத்துப்போயிற்று. பொறுமை வந்துவிட்டது என்றே நம்பினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

மறு பருவத்தில் மூன்றாம் பாத்தி முளைக்கவில்லை. நான் அமைதியாக இருந்தேன். அந்த அமைதியை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முப்பதாம் நாள் அக்கா வந்தார். "நாலு கொட்டையை வெட்டிப் பார்க்கலாமா சார்?" வெட்டினால் தெரிந்துவிடும், உள்ளே பருப்பு வெள்ளையாக உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது, வெறும் கூடாகவோ கறுத்தோ இருந்தால் இல்லை. ஐந்து நிமிட வேலை.

"வேணாம் அக்கா, கடவுள் கொடுப்பார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் எனக்கு விளங்கிக்கொள்ள முடியவில்லை. எழுபதாம் நாள்தான் வெட்டினோம். இருபது கொட்டையில் பதினேழு கூடு. பருவம் போயிற்று, நட வேண்டிய இடம் சும்மா கிடந்தது.

முதல் தடவை கடவுளை நம்பச் சொன்னவரே இரண்டாம் தடவை கத்தியைக் கேட்டார். கேலி பேசிய நானோ அவருடைய வார்த்தையைக் கடன் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் இருந்தேன். அவருக்கு நம்பிக்கைக்கும் கத்திக்கும் நடுவில் சண்டையே இல்லை போலிருக்கிறது. எனக்கு இருந்தது. வெட்டிப் பார்ப்பது கடவுளைச் சந்தேகிப்பது என்று உண்மையிலேயே நினைத்தேனா, வெட்டினால் முடிவெடுக்க வேண்டி வருமே என்று பயந்தேனா? காட்டில் அழுதது பொய் இல்லை. அது மட்டும் உறுதி. ஆனால் அன்று கிடைத்ததை நான் பொறுமை என்று எடுத்துக்கொண்டேன். ஒருவேளை அது வெறும் நிம்மதியாக இருந்திருக்கலாம். சில நாள் இதையும் மறுத்துக்கொள்கிறேன். விதை கூடாகிப் போனதற்கு நான் என்ன செய்ய முடியும், முப்பதாம் நாளில் வெட்டியிருந்தாலும் அது கூடுதானே என்று. ஆனால் முப்பதாம் நாளில் தெரிந்திருந்தால் மறுபடி விதைக்க நாள் இருந்திருக்கும்.

சரி, இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றிப் போய்விட்டேன். ஏழாம் பாத்தியைக் கலைத்த அன்று பதிவேட்டில் நான் எழுதியது: "விதைத் தரம் குறைவு. முளைப்பு இல்லை." வேர் விட்ட கொட்டைகள் கூடையில் இருக்கும்போதே எழுதினேன். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். பக்கத்தில் நின்று முழுவதையும் படித்தார்.

காட்டில் நடந்த அந்த நாள் முழுக்க, இதைப் பற்றி எப்போது கேட்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. பதிவேடு என் அலமாரியில்தான் இருக்கிறது. அடித்துத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டால் போதும், விதியில் அதற்கு இடம் உண்டு. போன வாரம் எடுத்து அந்தப் பக்கம் வரை புரட்டினேன். அக்கா கூடையோடு உள்ளே வந்தார். மூடி வைத்துவிட்டேன்.