கோட்இக்னைட்டர் 3: வைத்திருப்பதா, மாற்றுவதா?

கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையின் நெல் கொள்வனவுக் கணக்கு கோட்இக்னைட்டர் 3 இல் ஓடுகிறது என்று வையுங்கள். பிஎச்பி மொழியில் வெப் மென்பொருள் எழுத உதவும் பிரேம்வேர்க் (ஆயத்தக் கட்டமைப்பு) ஒன்றின் பழைய பதிப்பு இது. முதலில் சேர்வரில் பிஎச்பியின் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 7.4 என்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. பிரேம்வேர்க் பழசு என்பதைவிட இதுதான் பெரிய ஆபத்து.

பிஎச்பியை 8.2 க்கு ஏற்றினால் திரை முழுக்க ‘டைனமிக் ப்ராப்பர்ட்டி’ எச்சரிக்கை கொட்டும். கிளாஸில் (கோட் தொகுதியில்) முன்கூட்டி அறிவிக்காத மாறிகளை இந்த பிரேம்வேர்க் ஓடும்போதே உருவாக்குகிறது, 8.2 அதைக் கைவிடச் சொல்கிறது. பில்லை பிடிஎஃப் ஆக்கும் இடத்தில் அந்த எச்சரிக்கை கலந்தால் ஃபைலே திறக்காமல் போகலாம். உரிய கிளாஸ்களுக்கு மேல் ‘அலோ டைனமிக் ப்ராப்பர்ட்டீஸ்’ அடையாளம் போட்டால் அடங்கும். எச்சரிக்கைகள் திரைக்கு வராமல் லொக் ஃபைலுக்கு மட்டும் போகட்டும்.

2020 இல் வந்த கோட்இக்னைட்டர் 4 வெறும் அப்டேட் இல்லை, அடியிலிருந்து திரும்ப எழுதினது. டேபிள்கள் அப்படியே இருக்கலாம். கன்ட்ரோலர் (கோரிக்கைகளைக் கையாளும் கோட்), மொடல் (டேட்டாபேஸோடு பேசும் கோட்) எல்லாவற்றையும் கையால்தான் மாற்ற வேண்டும். புதிய பகுதிகளை மட்டும் 4 இல் எழுதி, ஒரே டேட்டாபேஸில் இரண்டையும் ஓடவிடுவதே என் தெரிவு. லொகின் செஷன் (உள்நுழைந்தவர் யார் என்ற பதிவு) மட்டும் இரண்டுக்கும் தானாகப் பொதுவாகாது, அதற்குத் தனியாக வழி செய்யுங்கள்.

எதை மாற்றினாலும் மாசி, பங்குனியில் கைவைக்க வேண்டாம். பெரும்போக நெல் லோட் லோடாக இறங்கும் நேரம் அது. தராசடியில் நிற்கிற விவசாயிக்குத் துண்டுச்சீட்டு உடனே கையில் கிடைக்க வேண்டும்.