ரகசியம் பார்க்கப் போன கதை

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் ராத்திரி தூங்காமல் யூடியூப்பில் உட்கார்ந்திருந்தேன். பொன்னம்பலக் கூரையில் 21,600 ஓடுகள், அது நாம் ஒரு நாளில் விடும் மூச்சின் கணக்கு. 72,000 ஆணிகள், அது உடம்பில் ஓடுவதாகச் சொல்லும் நாடிகளின் கணக்கு. பஞ்சபூதத் தலங்களில் இது ஆகாயம். எல்லாம் மனப்பாடம். பூமியின் காந்த மையமே நடராஜர் கால் விரலில்தான் இருக்கிறது, அது பூமத்திய ரேகையில் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அதை மட்டும் நம்பவில்லை, ஊர் இருப்பது ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கே.

கூட வந்தது அத்தை. பஸ்ஸில் அவர் தூங்கியபடியே வந்தார், நான் விடாமல் விளக்கிக்கொண்டே வந்தேன்.

நான் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டேன், இருவரும் நடராஜர் சன்னதிக்கு முன்னால் இருக்கும் கனகசபை மேல் ஏறி நின்றோம். நடராஜருக்கு வலப்பக்கம், சிதம்பர ரகசியத்தை மூடியிருக்கும் அந்தத் திரை. வெளிப்பக்கம் கறுப்பு, உள்பக்கம் சிவப்பு, அதாவது அறியாமை, ஞானம் என்று அதற்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. தீட்சிதர் திரையை விலக்கி தீபத்தைக் காட்டினார். உள்ளே சிலை கிடையாது, லிங்கம் கிடையாது, சுவரில் சரம் சரமாகத் தங்க வில்வ இலைகள் தொங்குகின்றன, தீபம் அசைய அசைய அதில் ஒன்றிரண்டு மட்டும் மினுங்கி மறைகின்றன. "ஓ, இதுதான் வெட்டவெளி" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிப்பதற்குள் திரை விழுந்துவிட்டது.

கீழே இறங்கினதும் அத்தை கேட்டார், "என்னடா பார்த்த?"

நான் ஆகாயத்தில் ஆரம்பித்து அருவம், உருவம், அருவுருவம் வரைக்கும் போய்விட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் சரியாத் தெரியல, கண்ணாடியைப் பையிலேயே வெச்சிட்டேன். ஆனா நல்லா இருந்துச்சு" என்றார்.

சுருக்கென்றது. ஒன்றுமில்லை என்பதைக்கூட நான் ஒரு படமாக வரைந்து, சட்டம் போட்டு, மனசில் மாட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். திரை விலகின அந்தச் சில நொடியும் என் படத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதிலேயே போய்விட்டது.

சரி, சாயங்கால பூஜையான சாயரட்சையைப் பார்த்துவிட்டே போவோம் என்று சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம். இனிமேல் எதையும் நினைக்கக் கூடாது என்று முடிவெடுத்தேன். அதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை, ஒவ்வொரு நினைப்பையும் வாசலில் நின்று விரட்டுகிற இன்னொரு நினைப்பு முளைத்து, அது நகரவே மாட்டேன் என்கிறது. கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். வந்தால் வரட்டும் என்று தண்ணீரில் ஆடிய கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயரட்சையில் மணிகள் அடித்தன. சிதம்பரத்து மணிச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது காதோடு நிற்பதில்லை, நெஞ்சுக்கூட்டுக்குள் புகுந்து அதிரும். ஓடு, ஆணி, நாடி எதுவும் ஞாபகமில்லை. நான் எங்கே நிற்கிறேன், யாரைக் கும்பிடுகிறேன் என்பதுகூட இல்லை. தீபம் மட்டும் இருந்தது. எவ்வளவு நேரமோ. "ஆகா, வந்துவிட்டது!" என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது, அவ்வளவுதான், போய்விட்டது.

திரும்பிப் பார்த்தால் அத்தை பக்கத்திலிருந்த அம்மாவிடம், இந்த ஊரில் கத்தரிக்காய் கொத்சு எங்கே நன்றாக இருக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.