எத்தனை கோர்ட் வரும்?

மனைப்பிரிவு போடுகிற இடம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று தமிழ்நாட்டு அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். கொடுத்துவிடுவார்கள். எந்த 10 சதவீதம் என்பதில்தான் சூட்சுமம். மனையாக விலைபோகாத மூலை, மேலே மின்கம்பி போகிற துண்டு, மழைக்குத் தண்ணீர் நிற்கிற பள்ளம் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்குவார்கள்.

சென்னையின் தெற்குப் புறநகரில் எனக்கு வாய்த்தது பள்ளம். ஒன்றேகால் ஏக்கர் இருக்கும். அதை விளையாட்டுத் திடலாக வரைந்து கொடுப்பதுதான், நகரமைப்பு ஆலோசனை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து மூன்றாவது வருஷம், தனியாக என் கைக்கு வந்த முதல் வேலை. முதல் கூட்டத்திலேயே உதவிப் பொறியாளர் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை கோர்ட் வரும் மேடம்?"

எனக்கும் அது வெறும் கணக்காகத்தான் பட்டது. கூடைப்பந்துக்கு 28க்கு 15 மீட்டர், கைப்பந்துக்கு 18க்கு 9, கபடிக்கு 13க்கு 10, ஷட்டிலுக்கு 13.4க்கு 6.1. காலை, மாலை வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க எல்லாமே வடக்கு தெற்காக நீள வேண்டும். சுற்றிலும் நடைபாதை, மூலையில் எட்டு போட்டு நடக்க ஓர் இடம். தீப்பெட்டியில் குச்சி அடுக்குவது போல அடுக்கி, கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சீனியரிடம் போனேன்.

"இப்ப அங்க யாரெல்லாம் விளையாடுறாங்க?" என்றார்.

"காலி இடம்தான் சார்."

"காலின்னு உனக்கு யாரும்மா சொன்னா? ரெண்டு நாள் போய் உக்காந்துட்டு வா."

எரிச்சலோடுதான் போனேன். விடிகாலை ஐந்தரைக்கு வண்டியை நிறுத்தும்போதே உள்ளே ஆள் இருந்தார்கள். எட்டுப் பத்துப் பேர், எல்லாரும் அறுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். இரண்டு சவுக்குக் கம்பை நட்டு வலை கட்டி, மஞ்சள் கம்பளிப் பந்தில் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அது என் படத்தில் ஷட்டிலுக்கு ஒதுக்கிய இடம். "ஷட்டில் இங்க எடுபடாதும்மா" என்றார் வேட்டியை மடித்துக் கட்டியிருந்த பெரியவர். "சாயங்காலம் கடல்காத்து எழும்பிச்சுன்னா கார்க் அந்த மாடி வீட்டுக்குப் போயிடும்." அவர் சொன்னது சரி. இறகுப்பந்தின் எடை 5 கிராம், கம்பளிப் பந்து 30 கிராமுக்குப் பக்கம். தஞ்சாவூர்ச் சீமையில் உருவானதாகச் சொல்லப்படும் ஆட்டம், வெட்டவெளிக்கென்றே அமைந்தது. பக்கத்துக்கு ஐந்து பேர், 24க்கு 12 மீட்டர் வேண்டும். என் படத்தில் அதன் பெயரே இல்லை.

பதினொரு மணிக்கு மேல் நிழல் இருந்தது ஒரே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில். அங்கே ஆட்டோக்காரர்கள் கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேரமை நாங்கள் யாரும் வரைபடத்தில் சேர்ப்பதில்லை. பத்துக்குப் பத்து அறையும் தொங்குகிற ஒரு விளக்கும் போதும்; அதனாலேயே அது திட்டமாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை போலும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வடசென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் என்று படித்தபோது எனக்கு அந்த மரத்தடிதான் ஞாபகம் வந்தது.

ஒரு மணி வாக்கில் எனக்கு அவசரமாகிவிட்டது. அங்கே அதுவரை வந்துபோன ஆண்களுக்கு மதில் சுவர் போதுமாயிருந்தது. நான் எங்கே போவது? எதிரே இட்லிக்கடை போட்டிருந்த அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "காலைலேர்ந்து ஒக்காந்திருக்கியே, இதை எப்பவோ கேக்கறதுதானே பாப்பா" என்று தன் வீட்டுக்குள் அழைத்துப் போனார். சுவரில் ஒரு பதக்கம் தொங்கியது. மகளுடையதாம், பள்ளிக்கூட எறிபந்து டீம். "இங்க வந்து பழகுவாளாக்கா?" என்றேன். "இங்கயா? ஐயே, இங்க எப்படி வருவா?" என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டது போல.

நாலேகாலுக்குக் கிரிக்கெட் பையன்கள் வந்தார்கள். அஞ்சரைக்கு மூன்று ஆட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. யாருடைய பந்து எது என்று அவர்களுக்கு மட்டும் தெரிந்தது. ஆனால் அந்த இரண்டு நாளும், பத்து வயதைத் தாண்டிய ஒரு பெண் பிள்ளையைக்கூட நான் உள்ளே பார்க்கவில்லை. மொட்டை மாடியில் இருந்தார்கள். கேட்டுக்கு வெளியே சைக்கிளில் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள். ஏழு மணிக்கு மேல் அங்கே ஒரே இருட்டு, மூலையில் பைக்குகள்.

அப்புறம்தான் வியன்னா பற்றித் தேடிப் படித்தேன். 1990களில் அங்கே நடந்த ஆய்வில், ஒன்பது வயதுக்கு மேல் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைவது தெரியவந்தது. பெரிய வெளியைப் பையன்கள் பிடித்துக்கொள்ள, இவர்கள் மல்லுக்கு நிற்காமல் விலகிவிடுகிறார்கள். 1999இல் மார்கரெட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களில் அந்த வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, நடைபாதைகளும் கைப்பந்துக்கான இடமும் சேர்த்தார்கள். ஊர் வேறு, ஆனால் கேட்டருகே சைக்கிளில் நின்ற பிள்ளைகள் வேறில்லை. என் படத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு கேட்டுக்குப் பதில் மூன்று, நடுவே ஒரே உயரமான ஹைமாஸ்ட் விளக்குக்குப் பதில் நடைபாதையோரம் தாழ்வான கம்பங்கள், கூடைப்பந்து கிடையாது, பூப்பந்து உண்டு, கைப்பந்துத் தளம் இட்லிக்கடைக்கு நேரெதிரே, அதை ஒட்டிக் கழிவறை.

கழிவறையை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. வார்டு கூட்டத்தில் நீரூற்று கேட்டார்கள், நுழைவு வளைவு கேட்டார்கள், எட்டு வடிவ நடைபாதை கேட்டார்கள். (எட்டை யாராலும் எதிர்க்க முடியாது. சர்க்கரை, பிரஷர் எல்லாம் அதில் நடந்தால் போய்விடும் என்று ஊரே நம்புகிறது. போட்டுக் கொடுத்தோம், நடக்கிறார்கள், நல்லதுதான்.) நலச்சங்கத்தில் ஒருவர் எழுந்து, "பெஞ்சு மட்டும் போடாதீங்க, ஜோடி ஜோடியா வந்து உக்காருவாங்க" என்றார். முழங்கால் வலியுள்ள பூப்பந்துப் பெரியவரே எழுந்து அவரை உட்கார வைத்தார். கடைசியில் எஸ்டிமேட்டில் நீரூற்றை வெட்டிக் கழிவறையை நுழைத்தோம். வளைவில் மட்டும் கைவைக்க முடியவில்லை. வளைவில் பெயர் போடலாம், கழிவறையில் யார் பெயரைப் போடுவது?

பள்ளத்தில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். பெரியவர் முதல் நாளே எச்சரித்திருந்தார், "இது அந்தக் காலத்துத் தாங்கல்மா" என்று. பழவந்தாங்கல் மாதிரி ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிற அதே தாங்கல், சின்ன ஏரி. அதனால் தளங்கள் வருகிற பாதியை மட்டும் மண்ணடித்து உயர்த்தி, மறுபாதியைக் கிரிக்கெட்டுக்குப் பள்ளமாகவே விட்டேன். தண்ணீர் அங்கே நின்று வடியட்டும் என்று கணக்கு. ஆனால் உயர்த்திய பாதியின் சரிவைப் பள்ளத்துப் பக்கம் கொடுக்காமல் தெருப்பக்கம் கொடுத்திருக்கிறேன். படத்தில் ஒரு அம்புக்குறி திரும்பியிருந்தது, அவ்வளவுதான். ஐப்பசியில் முதல் பெரிய மழைக்கு மூன்று வீட்டு வாசலில் கணுக்கால் தண்ணீர். அதிலொன்று இட்லிக்கடை அக்கா வீடு. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. டீ போட்டுக் கொடுத்தார். அடுத்த கோடையில் சரிவைத் திருப்பினோம்.

கழிவறைச் சாவி யாரிடம் இருப்பது என்பது எந்தப் படத்திலும் வராத விஷயம். திறப்பு விழா முடிந்து ஒரு மாதம் பூட்டியே கிடந்தது. இப்போது சாவி இட்லிக்கடையில், சட்னி வாளிக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. உத்தரவு எதுவும் இல்லை, அதுபாட்டுக்கு நடக்கிறது.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். ஆறரை மணி. கைப்பந்துத் தளத்தில் பத்துப் பதினைந்து பெண் பிள்ளைகள் எறிபந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். எறிபந்துக்கு நீளம் கிட்டத்தட்ட அதேதான், 18.3 மீட்டர், அகலம் மட்டும் 12.2 வேண்டும். நாங்கள் போட்ட மஞ்சள் பெயிண்ட் கோட்டுக்கு வெளியே, இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் தள்ளிக் கோலமாவில் புதிதாகக் கோடு இழுத்திருந்தார்கள். ஒரு பக்கம் அந்தக் கோடு கிரானைட் பெஞ்சு வரை வந்து, பெஞ்சில் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போனது. பந்து அங்கே போகும்போதெல்லாம் ஒரு பிள்ளை பெஞ்சைத் தாண்டிக் குதித்தாள்.

அங்கிருந்தே உதவிப் பொறியாளருக்குப் போன் போட்டேன். ஒரே ஒரு பெஞ்சை ரெண்டு மீட்டர் நகர்த்த வேண்டும் என்றேன்.

"எழுதிக் கொடுங்க மேடம், பாக்கலாம்."

எழுதிக் கொடுத்திருக்கிறேன்.